இடது தோள்

தையல் கடைக்கு நேரான உடம்போடு வருகிறவர் யாரும் இல்லை. நாள் முழுக்கக் கல்லாவில் சாய்ந்து உட்காருகிறவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும். மூட்டை தூக்குகிறவருக்கு ஒரு தோள் ஏறியிருக்கும். தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு அளவு கொடுப்பவர், டேப்பைச் சுருட்டியதும் அதை வெளியே விட்டுவிடுவார். இதையெல்லாம் முகத்துக்கு நேரே சொன்னால் வாடிக்கை போய்விடும். தையல்காரன் சொல்ல மாட்டான். அளவு நோட்டில் பெயருக்கு எதிரே 'இ. அரை கம்மி' என்று பொடியாக எழுதிக்கொள்வான். இடது தோள் அரை இஞ்சு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கேன்வாஸ் துணியை மடித்து உள்ளே வைத்துத் தைத்துவிடுவான். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பவர், தான் நேரான ஆள்தான் என்று நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் இருந்தது. இரண்டு மிஷின், ஒரு கட்டிங் மேஜை, வாசல் வெளிச்சத்தில் காஜாக்காரருக்கு ஒரு ஸ்டூல். காஜாக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது. பட்டன் துளைகளுக்கு ஓரம் கட்டுவதும் பட்டன் வைப்பதும் அவர் வேலை. வாயில் நூலைக் கடித்துக்கொண்டே பேசுவார். கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசினார்.

தையல்காரனுக்கு முப்பத்துமூன்று வயது. கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு அப்பாவின் மிஷினில் வந்து உட்கார்ந்தவன். நாலு வருடத்துக்கு முன்னால் மனைவி இறந்துபோனாள். வயிற்றில் வந்த கட்டி. கண்டுபிடித்ததிலிருந்து ஐந்து மாதம் இருந்தாள். அதற்குப் பிறகு அவன் ஒரு மூச்சில் நாலு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. அந்த நாலிலும் இரண்டு அளவாக இருக்கும்.

மனைவியின் தங்கை பத்து நாள் இருந்துவிட்டுப் போக வந்தாள். அக்காவின் ஆறு வயதுப் பெண்ணை விட்டுப் போக மனசு வரவில்லை, தங்கிவிட்டாள். முக்குத் தெருவில் மருந்துக் கடையில் அவளுக்கு வேலை. கடைக்கு மேலேயே இரண்டு அறை. ஒன்றில் சித்தியும் பெண்ணும், மற்றதில் அவனும் துணி மூட்டைகளும்.

பெண்ணுக்கு இப்போது பத்து வயது. தெருவில் அவளைப் பட்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு வயதில் ஒரு கோட்டுப் பட்டனை விழுங்கி, மூன்று நாள் வீட்டையே காத்திருக்க வைத்தவள். அந்தக் கோட்டுக்கு இன்றுவரை நாலாவது பட்டன் வேறு நிறம்தான் என்று காஜாக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பருவம் தப்பி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பட்டன் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கடைக்குள் வந்தாள். விளையாட்டுப் போட்டிக்கென்று பள்ளிக்கூடத்தில் கொடுத்த மஞ்சள் பனியன் போட்டிருந்தாள். குடையை மடக்கிவிட்டு, ஒரு காலில் நின்று மறு காலின் ஈரத்தைத் துடைத்தாள்.

"பட்டன், நேரா நில்லு," என்றார் காஜாக்காரர்.

"நேராத்தான் நிக்கிறேன், பெரியப்பா."

"எங்க நேரா? ஆணி கழண்ட போர்டு மாதிரி ஒரு பக்கம் தொங்குது."

"உங்க கண்ணாடிதான் கோணல்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். ஒரு பக்கத்துக் காது உடைந்து, நூல் சுற்றியிருந்தது. துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"கண்ணாடி கோணல்னா கடையே கோணலாத் தெரியணும். நீ மட்டும்தான் தெரியற."

தையல்காரன் மிஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "ரெடிமேட். தோள் வெட்டு தப்பு. கழட்டிக் குடு, சரி பண்றேன்."

"நூறு பனியனை அடுக்கி ஒரே வெட்டா வெட்டறான்பா," என்றார் காஜாக்காரர். "வெட்டு தப்புன்னா ஊர்ப் பிள்ளைங்க மொத்தமும்ல ஒரு பக்கமாத் தொங்கணும்."

தையல்காரன் மிதியை வேகமாக மிதித்தான். மிஷின் சத்தத்தில் அந்தப் பேச்சு அடங்கிப்போனது.

ஞாயிற்றுக்கிழமையும் மழை விடவில்லை. துணி எதுவும் காயவில்லை. மச்சினி மேல் அறையில் தரையில் போர்வையை விரித்து, ஈரத் துணிகளை இஸ்திரி போட்டே காயவைத்துக்கொண்டிருந்தாள். அவன் சுவரோரமாக உட்கார்ந்து ஒரு பேண்ட்டைப் பிரித்துக்கொண்டிருந்தான். பட்டன் கீழே படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பூனைக்கு ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடச் சட்டையின் இடது தோள் மட்டும் எவ்வளவு தேய்த்தாலும் காயவில்லை. மச்சினி சட்டையை உள்பக்கம் திருப்பினாள்.

"மாமா, இது என்ன?"

"தோள் பேட்."

"அது தெரியுது. ஏன் ஒரு பக்கம் மட்டும் இருக்கு?"

அவன் ஊசியால் ஒரு தையலைக் கிளப்பி இழுத்தான்.

அவள் சட்டையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாள். "மூணு வரிசை ஓட்டை இருக்கு. மூணு தடவை பிரிச்சுத் தைச்சிருக்கீங்க. ஒவ்வொரு தடவையும் தடிமன் ஏத்தியிருக்கீங்க. இவ தோள் எவ்வளவு இறங்கியிருக்கு?"

"ஒண்ணேகால் இஞ்சு."

"பத்து வயசுப் பிள்ளைக்கு ஒண்ணேகாலா?"

"பை மாட்டற தோள். முதுகு வலின்னப்ப கிளினிக் டாக்டர் சொன்னாரே, பை பாரம்னு."

"அவர் எதைப் பார்த்துச் சொன்னார்? நீங்க பேட் வைச்சுத் தைச்ச சட்டையைப் பார்த்து. சட்டை நேரா இருந்துச்சு, பிள்ளையும் நேரா இருக்கான்னு நினைச்சுட்டார். நானும் அப்படித்தானே நினைச்சேன்."

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"அக்காவுக்கும் இதையேதான் பண்ணீங்க. அவ இளைக்க இளைக்க அவ துணியைப் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சுக் குடுத்தீங்க. பார்க்கறப்பல்லாம் துணி உடம்போட சரியா இருந்துச்சு. அதனால யாருக்கும் ஒண்ணும் தெரியலை."

சொன்ன பிறகு, அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியது. அவன் பிரித்த நூலைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டிருந்தான். கூரைத் தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது.

"உங்களை மட்டும் சொல்ல எனக்கு வாய் கிடையாது," என்றாள். "ராத்திரி ராத்திரி முதுகு வலின்னு எழுந்திரிக்கறா. கடையிலேர்ந்து வலி மாத்திரை கொண்டுவந்து குடுக்கறேன். அரை மணியில வலி போயிடுது, தூங்கிடறா. வாரத்துக்கு ஒண்ணுன்னு ஆரம்பிச்சது. இப்ப தினம் ஒண்ணு. கடைக்கு வர்றவங்ககிட்ட, மூணு நாளுக்கு மேல வலிச்சா டாக்டரைப் பாருங்கன்னு சொல்றது இதே வாய்தான்."

"மாத்திரை குடுக்கறதை என்கிட்ட சொல்லலை."

"நீங்க என்கிட்ட சொன்னீங்களா?"

அவள் படிப் பக்கம் எட்டிப் பார்த்து, "பட்டன், மேல வா," என்று கூப்பிட்டாள்.

பெண் ரொட்டித் தூளோடு வந்து நின்றாள்.

"முதுகு எப்படி வலிக்குதுன்னு அப்பாகிட்ட சொல்லு."

"பல்லு வலி மாதிரி."

"முதுகா?"

"ஆமா. ஆனா பல்லு முதுகுல இருக்கு." அவள் கையைப் பின்னால் கொண்டுபோய், முதுகின் நடுவுக்குச் சற்றுக் கீழே ஒரு விரலை வைத்தாள். "இங்க ஒரே ஒரு பல்லு. பகல்ல அது தூங்கிடும். நான் தூங்கறப்ப முழிச்சுக்கும். டீச்சர் நம்ப மாட்டேங்கறாங்க. ஓடி விளையாடறப்ப வலிக்கலையா, கணக்குப் போடறப்பதான் வலிக்குதான்னு கேக்கறாங்க."

"அப்புறம்?"

"கணக்குப் போடறப்ப வேற மாதிரி வலிக்கும். அது தலையில."

மச்சினிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "நாளைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்றாள்.

தையல்காரன் முதல் முறையாக நிமிர்ந்தான். "அந்த ஆஸ்பத்திரியா?"

"எலும்புக்கு வேற எங்க இருக்கு?"

"நீ கூட்டிட்டுப் போ."

"கூட்டிட்டுப் போவேன். நீங்களும் வரணும், மாமா. அளவெல்லாம் உங்ககிட்டதான் இருக்கு."

நாலு வருடத்தில் அந்த ஆஸ்பத்திரியின் படிகளுக்கு ஓடு பதித்திருந்தார்கள். மற்றபடி அதே வாசனை. எலும்பு டாக்டர் சின்ன வயதுப் பெண். மேஜையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. பட்டனுக்குப் பின்னால் முடிச்சுப் போடுகிற பச்சை அங்கியைக் கொடுத்து மாற்றச் சொன்னார். அந்த அங்கியின் இரண்டு கைகளும் ஒரே நீளம் இல்லை என்று தையல்காரனின் கண் தானாகப் பார்த்தது.

"கண்ணு, அந்தப் பக்கம் திரும்பி, குனிஞ்சு தரையைத் தொடு. அப்பா, நீங்க இங்க வாங்க. பாருங்க."

அவன் அந்தத் தோளை எத்தனையோ முறை அளந்திருக்கிறான். சட்டை இல்லாத முதுகைப் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. சாக்பீஸால் கோடு போடும்போது துணி நகர்ந்துவிட்டால் கோடு எப்படி வளையுமோ, அப்படி வளைந்திருந்தது முதுகெலும்பு. ஒரு பக்கம் விலா மேடாக இருந்தது. அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது. டேப் அங்கே இல்லை, கடையில் கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தான்.

வலியைப் பற்றி மச்சினி சொன்னாள். மாத்திரையையும் மறைக்காமல் சொன்னாள். திட்டு விழும் என்று நினைத்தாள்.

"மாத்திரை போட்டா வலி குறையுதா, சுத்தமாப் போயிடுதா?" என்று கேட்டார் டாக்டர்.

"சுத்தமா, மேடம். துடைச்சு வைச்ச மாதிரி."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "கண்ணு, எந்த இடம்?"

"இங்க. பல்லு இருக்கிற இடம்."

"பல்லா?"

"பல்லு வலி மாதிரி இருக்கும்."

"நல்லாச் சொன்ன. பெரியவங்க யாரும் இவ்வளவு சரியாச் சொல்ல மாட்டாங்க." டாக்டர் அந்த வார்த்தையை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு பொதுவாகக் கேட்டார்: "இந்த வளைவு எப்ப ஆரம்பிச்சதுன்னு தெரியுமா? யாருக்கும் தெரியாது. இருந்தாலும் கேக்க வேண்டியிருக்கு."

தையல்காரன் எழுந்து நின்றான்.

"பள்ளிக்கூடம் திறந்தப்ப ரெண்டு தோளும் சமம். அதுக்குப் பத்து மாசம் ஆகுது. அதுலேர்ந்து நாலாவது மாசம் கால் இஞ்சு இறக்கம். ஏழாவது மாசம் முக்கால். இப்ப ஒண்ணேகால்."

"எப்படி இவ்வளவு துல்லியமா?"

"தையல்காரன், மேடம். நான்தான் பேட் வைச்சு மறைச்சேன். கிளினிக்குக்கும் அந்தச் சட்டையோடதான் போனா. அவர் மேல தப்பு இல்ல."

ஒரே மூச்சில் அவன் அவ்வளவு பேசி மச்சினி கேட்டதில்லை. டாக்டர் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார். நாலு அளவையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, கீழே ஒரு கோடு போட்டார்.

எக்ஸ்ரேயில் வளைவு தெரிந்தது, காரணம் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். அந்த இரண்டு நாளும் அவன் கடையில் ஒரு துணியையும் வெட்டவில்லை, வெட்டிவைத்ததைத் தைத்தான். காஜாக்காரர்கூடப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். முதுகெலும்பின் ஒரு கண்ணியில், ஓரமாக, வெள்ளை வளையத்துக்குள் ஒரு கருப்புப் புள்ளி.

"மிளகு அளவுதான் இருக்கு. இது ஒரு கட்டி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் மச்சினி பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். தையல்காரன் ஒன்றே ஒன்று கேட்டான்.

"பரவுமா?"

"பரவாது. இது கெட்ட கட்டி இல்ல. உயிருக்கு ஒண்ணும் ஆகாது. வழக்கமாக் கால் எலும்புல வரும், ராத்திரி வலிக்கும், அந்த மாத்திரைக்குக் கேக்கும். இவளுக்கு முதுகுல வந்திருக்கு. வலியை மாத்திரை மூடிடுச்சு, மிச்சம் இருந்தது கோணல்தான். பார்க்கறவங்க கூனல்னு நினைப்பாங்க, பை பாரம்னு நினைப்பாங்க. பல்லு வலிச்சா அந்தப் பக்கம் மெல்லாம ஒதுக்குவோம்ல? அப்படி இவ முதுகு அந்த இடத்தை ஒதுக்கி ஒதுக்கி வளைஞ்சிருக்கு."

"எடுத்துட்டா நிமிருமா?"

"அதுதான் கேள்வி. இப்படியே ரொம்ப நாள் இருந்துட்டா எலும்பே வளைவுக்குத் தகுந்த மாதிரி வளர்ந்துடும். அப்புறம் கட்டியை எடுத்தாலும் வளைவு போகாது. பதினஞ்சு மாசத்துக்குள்ள எடுத்துட்டா பெரும்பாலும் நிமிர்ந்துடுதுன்னு சொல்வாங்க. உங்க கணக்குப்படி பத்து மாசத்துக்கு மேல போகலை. அதை நம்பித்தான் இந்த வாரமே செய்யலாம்னு சொல்றேன். நிமிரும்னு எழுதிக் குடுக்க மாட்டேன்."

"எப்படி எடுப்பீங்க?" என்றாள் பட்டன்.

"ஊசி மாதிரி ஒண்ணை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய் நுனியைச் சூடாக்குவோம். பல்லு பொசுங்கிடும். நீ தூங்கிட்டு இருப்ப."

"தூங்கினா அது முழிச்சுக்குமே."

"முழிக்கட்டும். நாங்க அங்க காத்திட்டு இருப்போம்."

வெள்ளிக்கிழமை காலை அவளை உள்ளே கொண்டுபோனார்கள். நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, மெதுவாகத்தான் செய்ய வேண்டும், இரண்டு மணி நேரம் ஆகலாம் என்றார்கள். வராந்தா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு ஆள் தரையைத் துடைத்துக்கொண்டே போனார். துடைத்த இடத்திலேயே யாராவது நடந்தார்கள், அவர் திரும்பி வந்து மறுபடி துடைத்தார். மச்சினி பையிலிருந்து ரொட்டியும் அவித்த முட்டையும் எடுத்தாள். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டான்.

"அன்னைக்கு அக்காவை இழுத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது," என்றாள்.

"சரியாத்தான் சொன்ன."

"சரியா இருந்தாலும் சொல்லியிருக்கக் கூடாது."

அவன் முட்டை ஓட்டைப் பெஞ்சின் விளிம்பில் தட்டி உரித்தான். ஒரு பிசிறு இல்லாமல், தையல் பிரிப்பதுபோல.

"அவதான் பிடிச்சுத் தைக்கச் சொன்னா. தங்கச்சி வந்து பார்த்தா பயந்துடுவான்னா. சரின்னு தைச்சேன். ஒவ்வொரு தடவையும் அரை இஞ்சு. எனக்குத் தெரிஞ்சது, தைக்கறதுதான்."

மச்சினி தலையைத் திருப்பி வராந்தாவின் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"சாப்பிடுங்க, மாமா. முட்டையை அளந்தது போதும்."

அவன் சாப்பிட்டான். இரண்டு மணி நேரம் என்றது மூன்றானது. டாக்டர் வெளியே வந்து தலையிலிருந்த உறையைக் கழற்றினார். கட்டி இருந்த இடம் பொசுங்கிவிட்டது, கால் இரண்டும் அசைகிறது, இனிமேல் மெல்லத்தான் தெரியும் என்றார். போகிறவர் நின்று, தையல்காரனிடம் சொன்னார்:

"இனிமே பேட் வேண்டாம். உடம்பு எங்க நிக்குதுன்னு அவளுக்குத் தெரியணும், எனக்கும் தெரியணும். சட்டையைச் சமமாத் தைச்சுப் போடுங்க. வாரம் ஒரு தடவை அளந்து எழுதி வைங்க."

மறுநாள் காலை பட்டன் கண்ணைத் திறந்ததும் முதலில் முதுகுக்குத்தான் கை கொண்டுபோனாள். ராத்திரி அது முழிக்கவே இல்லை என்றாள். அதன் பிறகு வீட்டிலும் அது முழிக்கவில்லை. மச்சினி மிச்சமிருந்த மாத்திரை அட்டையைக் கடைக்கே கொண்டுபோய்க் குப்பையில் போட்டாள்.

வலி போனது. தோள் போன இடத்திலேயே இருந்தது.

விடுமுறை முடிவதற்கு முன்னால் அவன் புதுப் பள்ளிக்கூடச் சட்டை வெட்டினான். இரண்டு தோளும் சமம், இரண்டு பக்கமும் ஒரே இறக்கம். புதிதாகத் தொழிலுக்கு வந்தவன்கூட யோசிக்காமல் வெட்டக்கூடிய சட்டை. அதை வெட்ட அவனுக்கு ஒரு சாயங்காலம் முழுதும் ஆனது. கத்தரி இடது தோளுக்கு வரும்போதெல்லாம் கை நின்றது. போட்டுப் பார்த்தபோது, எதிர்பார்த்தபடியே, காலர் சரிந்து இடது பக்க ஓரம் கீழே தொங்கியது.

"அசிங்கமா இருக்கா, பட்டன்?"

அவள் கண்ணாடியைப் பார்த்தாள். "கொஞ்சம். ஆனா முன்னாடி உள்ள ஒண்ணு மெத்து மெத்துன்னு உறுத்தும். இதுல அது இல்ல."

வாரம் ஒரு தடவை, திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூடம் போகுமுன் கடையில் அளவு. தரையிலிருந்து ஒவ்வொரு தோளின் நுனிவரை. டேப்பை அவன் பிடிக்க மாட்டான்.

"நீங்க பாருங்கண்ணே. என் கை இழுத்துப் பிடிச்சுடும்."

"என் முட்டியைப் பத்தி ஒருத்தனுக்கும் கவலை இல்ல," என்று சொல்லிக்கொண்டே காஜாக்காரர் தரையில் மண்டியிடுவார். முதல் வாரம் ஒண்ணேகால். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது வாரமும் ஒண்ணேகால். அவன் எழுதிக்கொண்டான். எழுதும்போது முகத்தில் ஒன்றும் இருக்காது. ஆனால் அந்தத் திங்கட்கிழமைகளில் அவன் சாப்பிடுவது குறைந்ததை மச்சினி பார்த்தாள்.

ஐந்தாவது திங்கட்கிழமை காஜாக்காரர் டேப்பை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்தார். டேப்பை மறுபடி வைத்தார்.

"பட்டன், எக்கி நிக்கிறியா?"

"இல்ல, பெரியப்பா."

"செருப்பு?"

"கழட்டிட்டேன்."

மூன்றாவது தடவையும் அளந்தார். "ஒண்ணேகாலுக்கு ஒரு நூல் கம்மி, தம்பி."

ஒரு நூல் என்பது இஞ்சில் எட்டில் ஒரு பங்கு. தையல் விளிம்பில் போய்விடுகிற அளவு, வாடிக்கைக்காரர் எவரும் கண்டுபிடிக்க முடியாதது. தையல்காரன் நோட்டை எடுத்து எழுதினான். எழுதியதன் கீழே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான்.

"எழுதியாச்சாப்பா? நேரமாச்சு," என்றாள் பட்டன்.

"ஆச்சு. போ."

அவள் பையை இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு படியிறங்கும்போது, எதிரே ஒருவர் கோட்டுத் துணியை மார்போடு அணைத்தபடி ஏறினார். தெருவுக்குப் புதிது. இங்கே தைத்தால் உடம்பில் ஒட்டினாற்போல் இருக்கும் என்று யாரோ சொல்லி வந்தவர். துணியை மேஜையில் வைத்துவிட்டு, திரும்பித் தெருவில் போகும் பெண்ணைப் பார்த்தார். காலர் ஒரு பக்கம் சரிந்திருந்தது. சட்டையின் இடது ஓரம் கீழே தொங்கியது.

"அந்தப் பிள்ளை சட்டை எங்க தைச்சது?"

"இங்கதான்," என்றான் தையல்காரன்.

"நீங்களா?"

"நான்தான். என் பொண்ணு."

வந்தவர் துணியின் மேல் கையை வைத்தார். ஒரு நிமிடம் யோசித்தார். "வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்," என்று சொல்லித் துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காஜாக்காரர் ஸ்டூலிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "கோட்டுத் துணிப்பா. நல்ல துணி. விஷயத்தைச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு?"

"பிள்ளைக்கு முதுகு இப்படி, அதனால சட்டை இப்படித் தெரியுதுன்னு."

தையல்காரன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டான். பெண் தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"சட்டை சரியாத்தாண்ணே இருக்கு," என்றான். "அவ அதுக்கு வந்து சேரணும்."